உதைக்கப் பழகிய காலும் அடங்கப் பழகிய மனமும்

 



கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில், கவுண்டம்பாளையத்தைக் கடந்ததும் வரும் ஊர் துடியலூர். 2011ஆம் ஆண்டு கோவை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இவ்வூரில் இன்று தோட்டங்கள் குறைந்து வீடுகள் பெருகிவிட்டன. மாலையில் பள்ளி விட்டதும், வெள்ளைச் சீருடை அணிந்து, இடுப்பில் மஞ்சளும் பச்சையுமாக பெல்ட் கட்டிக்கொண்டு, தந்தையின் வண்டிக்குப் பின்னால் அமர்ந்து செல்லும் சிறுவர் சிறுமியரை இங்கே நாம் காண்கிறோம். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உள்ளனர். அவர்கள் செல்வது கொரிய நாட்டுத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ வகுப்புக்கு.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெற்றோர் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கின்றனர். "வகுப்புல குனிஞ்சு வணக்கம் வைக்கச் சொல்றாங்களாமுங்க ஹஜ்ரத். பையனை அனுப்பலாமுங்களா?" என்பது ஒருவர் கேள்வி. "முகத்துல உதைக்கிறாங்களே, அது கூடுமுங்களா?" என்பது மற்றொருவர் கேள்வி. "பொண்ணுக்குப் பதினொரு வயசாச்சுங்க. ரெண்டு வருஷமாப் போறா. இனிமே நிறுத்தச் சொல்றாங்க வீட்டுப் பெரியவங்க" என்பது இன்னொருவர் கவலை. இம்மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆயினும் இவற்றைவிட முக்கியமான நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதை எவரும் கேட்பதில்லை. நான்கையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

இக்கலை எங்கிருந்து வந்தது?

'டே' என்றால் காலால் தாக்குவது. 'க்வோன்' என்றால் கையால் தாக்குவது. 'டோ' என்றால் வழி. கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. விடுதலைக்குப் பின் சியோல் நகரில் பல பயிற்சிக் கூடங்கள் தோன்றின. ஜப்பானில் கராத்தே பயின்று திரும்பியவர்களும், கொரிய மண்ணின் பழைய உதைக் கலையைப் போற்றியவர்களும் அவற்றை நடத்தினர். 1955ஆம் ஆண்டு இவற்றுக்குப் பொதுவாக டேக்வாண்டோ என்னும் பெயர் முன்வைக்கப்பட்டது. 1972இல் சியோலில் குக்கிவோன் என்னும் தலைமைப் பயிற்சி மையம் திறக்கப்பட்டது. 1973இல் உலகக் கூட்டமைப்பு உருவாயிற்று. 1988, 1992 ஒலிம்பிக் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்று, 2000ஆம் ஆண்டு சிட்னியில் முழுமையான பதக்க விளையாட்டாயிற்று. இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகள் அக்கூட்டமைப்பில் உள்ளன.

நம் நாட்டிற்கு இக்கலை 1970களின் நடுப்பகுதியில் வந்தது. ஜிம்மி ஜக்தியானி என்பவர் இதனை இங்கே பரப்பியவர்களில் முதன்மையானவர். 2002ஆம் ஆண்டு புசான் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் சுரேந்திர பண்டாரி வெண்கலப் பதக்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் முடிய இந்தியா இவ்விளையாட்டில் ஒலிம்பிக் பதக்கம் எதுவும் பெற்றதில்லை. ஆக, பதக்கக் கனவோடு மட்டும் பிள்ளையைச் சேர்ப்பவர் பாதை நீளமானது என்பதை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

வகுப்பில் நடப்பது என்ன?

உடலை வளைத்து நிமிர்த்தும் பயிற்சியில் வகுப்பு தொடங்கும். பின்னர் நிற்கும் நிலைகள், தடுப்பு, குத்து, உதை ஆகியவை கற்பிக்கப்படும். கற்றவற்றைக் கோவையாக இணைத்துத் தனியாகச் செய்து காட்டும் பயிற்சிக்குப் பூம்சே என்று பெயர். இருவர் எதிரெதிரே நின்று மோதுவது கியோருகி எனப்படும். வெள்ளை பெல்ட்டில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு எனப் படிப்படியாகத் தேர்வெழுதுவது போல் தேறிச் சென்று கறுப்பு பெல்ட்டை அடைய வேண்டும். ஒழுங்காகப் பயில்வோருக்கே அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பதினைந்து வயதிற்குக் குறைந்தவர்களுக்குக் குக்கிவோன் முழுக் கறுப்பு பெல்ட் தருவதில்லை. 'பூம்' என்னும் சிறுவர் தகுதியையே தருகிறது. கால் பலம் பெற்றாலும் மனம் பக்குவப்பட வயது வேண்டும் என்பதை அவர்களும் உணர்ந்திருக்கின்றனர்!

கியோருகிப் போட்டியில் தலைக்கவசம், மார்புக் கவசம், கை கால் காப்புகள், பல் காப்பு ஆகியவற்றை அணிந்தே களமிறங்க வேண்டும். மார்புக் கவசத்தில் குத்தினால் ஒரு புள்ளி. அதே இடத்தில் உதைத்தால் இரண்டு. தலையில் உதைத்தால் மூன்று. சுழன்று உதைப்பவருக்குக் கூடுதல் புள்ளி. இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று. அவற்றுள் இரண்டை வெல்பவர் வென்றவராவார். நடுவர் ஒருபக்கம் சாயக்கூடாது என்பதற்காக 2012 லண்டன் ஒலிம்பிக் முதல் மார்புக் கவசத்திலேயே மின்னணுக் கருவி பொருத்தி, விழும் உதையைக் கணக்கிடுகின்றனர். கோட்டுக்கு வெளியே கால் வைத்தாலும், எதிரியைப் பிடித்துத் தள்ளினாலும், விழுந்தவரைத் தாக்கினாலும் எதிரிக்குப் புள்ளி போய்விடும்.

முதல் கேள்வி: குனிந்து வணங்குதல்

வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் ஆசிரியருக்கும் எதிரில் நிற்பவருக்கும் குனிந்து மரியாதை செய்வது கொரிய நாட்டு வழக்கம். அவர்களுக்கு அது வழிபாடு அன்று. நாம் கை கொடுப்பது போன்ற முகமன். இதனை நாம் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் நம் மார்க்கத்தில் எண்ணம் மட்டுமன்றி வடிவமும் கவனிக்கப்படுகிறது. ருகூவும் ஸஜ்தாவும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியவை. சகோதரரைச் சந்திக்கும்போது குனியலாமா என்று கேட்கப்பட்டபோது வேண்டாம் என்றும், கை கொடுக்கலாமா என்று கேட்கப்பட்டபோது ஆம் என்றும் நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. இதன் அடிப்படையில் உலமாக்களில் பெரும்பாலோர் ருகூவைப் போல் குனிவதைத் தடுக்கின்றனர்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே தந்தை ஆசிரியரைச் சந்தித்து, "எங்கள் மார்க்கத்தில் இப்படிக் குனிவதில்லை, என் பிள்ளை நெஞ்சில் கை வைத்துத் தலையை இலேசாக அசைத்து மரியாதை செய்வான், மரியாதையில் குறை வைக்க மாட்டான்" என்று பணிவோடு எடுத்துரைக்க வேண்டும். காரணத்தை அறிந்த நல்லாசிரியர் ஏற்றுக்கொள்வார். ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டு, இருபது பிள்ளைகளுக்கு நடுவே நம் பிள்ளை மட்டும் திகைத்து நிற்கும்படி விடுவது தந்தைக்கு அழகன்று. போட்டிகளில் இடுப்பை வளைத்து மரியாதை செய்வது முறையாக வைக்கப்பட்டுள்ளது. எனவே போட்டிக்கு அனுப்ப நினைப்போர் முன்கூட்டியே தம் பகுதி ஆலிமிடம் விளக்கம் பெற்றுக்கொள்ளட்டும்.

இரண்டாவது கேள்வி: முகத்தில் அடித்தல்

சண்டையிட நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுக்கம். இதனை அடிப்படையாகக் கொண்டே, 1987ஆம் ஆண்டு மக்காவில் கூடிய முஸ்லிம் உலக லீக்கின் ஃபிக்ஹு சபை குத்துச் சண்டையைக் கூடாது என்று தீர்மானித்தது. எதிரியை நினைவிழக்கச் செய்வதே வெற்றியாகக் கருதப்படும் விளையாட்டு அது.

டேக்வாண்டோவில் கையால் முகத்தில் குத்துவது விதிப்படி தடுக்கப்பட்டுள்ளது. ஆனால் காலால் தலையில் உதைப்பது அனுமதிக்கப்பட்டுள்ளது. அதற்குப் புள்ளியும் உண்டு. இந்த உண்மையை மறைத்து, இதில் ஒரு சிக்கலும் இல்லை என்று சொல்வது நேர்மையாகாது.

ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. பூம்சேயில் எதிரியே கிடையாது. நிலையின் துல்லியம், உதையின் உயரம், சமநிலை, மூச்சு ஆகியவற்றுக்கே அங்கு மதிப்பெண். 2006 முதல் பூம்சேக்கென்றே உலகப் போட்டி நடைபெறுகிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும் அது இடம்பெற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் டேக்வாண்டோவில் தலையில் உதைப்பதற்கே தடை உள்ளது. டோக்கியோவில் அவ்விளையாட்டு முதன்முதலாக நடந்தபோது, ஹரியானாவைச் சேர்ந்த அருணா தன்வர் இந்தியாவின் சார்பில் களமிறங்கினார். எனவே தலையில் படாமலும் இக்கலையைக் கற்க முடியும். உலக மேடை வரை செல்லவும் முடியும். "என் பிள்ளைக்குப் பூம்சே போதும்" என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் உரிமை உண்டு.

மோதல் பயிற்சிக்கு அனுப்புவோர் ஒன்றை மறக்கலாகாது. தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சில் தடுமாற்றம் ஏதேனும் தென்பட்டால் அன்றைய விளையாட்டு அத்துடன் முடிந்தது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். "இன்னும் ஒரு சுற்றுதானே" என்று மீண்டும் களத்தில் இறக்குவது பிள்ளையின் மூளையோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது கேள்வி: பெண் பிள்ளைகள்

பெண் பிள்ளை பெரியவளாகும் வயதில் முதலில் நிறுத்தப்படுவது அவளுடைய விளையாட்டுதான். பாதுகாப்பு கருதியே நிறுத்துகிறோம் என்கிறோம். ஆனால் சற்றுச் சிந்தியுங்கள். தன்னைத் தற்காத்துக்கொள்ளும் திறன் அவளுக்கு அதிகமாகத் தேவைப்படுவது எந்த வயதில்? கல்லூரிக்கும் வேலைக்கும் அவள் தனியாகப் பேருந்தில் செல்லத் தொடங்கும் வயதில் அன்றோ? இரண்டு ஆண்டுகள் கற்றதை அந்த வயதின் வாசலில் பறித்துக்கொள்வது எப்படிப் பாதுகாப்பாகும்?

நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் நடத்திய செய்தியை நாம் மேடைகளில் சொல்லி மகிழ்கிறோம். பெண்ணின் உடல் உரம் நம் மார்க்கத்தில் வெறுக்கப்பட்ட ஒன்றன்று.

உடையைப் பொறுத்தவரை, இச்சீருடை தளர்வானது. கையையும் காலையும் மூடுவது. தலைக்கவசத்திற்குள் முக்காடு அணிய உலகக் கூட்டமைப்பின் போட்டிகளில் அனுமதி உண்டு. எகிப்து நாட்டு ஹிதாயா மலாக் ஹிஜாப் அணிந்தே 2016 ரியோவிலும், பின்னர் டோக்கியோவிலும் வெண்கலப் பதக்கம் வென்றார். 2024 பாரிஸில் ஈரான் நாட்டு நாஹித் கியானி முக்காட்டோடு களமிறங்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

எஞ்சி நிற்பது வகுப்பின் சூழல். பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, பெண்களுக்கெனத் தனி நேரம் உண்டா, தாய்மார் அமர்ந்து பார்க்க இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில் பத்துப் பெற்றோர் ஒன்று சேர்ந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் கிடைக்காதது பத்துப் பேர் கேட்டால் கிடைக்கும். பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று விரும்பும் நாம், நம் பெண் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால் அந்தப் பயிற்சியாளர் எங்கிருந்து வருவார்?

கேட்கப்படாத நான்காவது கேள்வி

பெற்றோர்களே! குனிவதைப் பற்றிக் கேட்டீர்கள்; முகத்தைப் பற்றிக் கேட்டீர்கள்; உடையைப் பற்றிக் கேட்டீர்கள். "இந்தப் பலத்தை என் பிள்ளை எதற்குப் பயன்படுத்துவான்?" என்று ஏன் கேட்கவில்லை?

மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன்; கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த அளவுகோல். டேக்வாண்டோ ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தரும் ஐந்து ஒழுக்கங்களும் இதையொட்டியே அமைந்துள்ளன. மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத உள்ளம் என்பனவே அவை. ஆனால் இவை சுவரில் எழுதி வைத்தால் வந்துவிடுவதில்லை. வகுப்பில் கற்ற உதையைத் தம்பியின் மீது காட்டும் அண்ணனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பையன் நல்லாத்தான் கத்துக்கிறான்" என்று பெருமைப்படும் தந்தை, அந்த ஐந்தையும் ஒரே நொடியில் அழித்துவிடுகிறார்.

இன்னும் வருத்தத்திற்குரிய செய்திகளும் உண்டு. வயதுப் பிரிவில் எளிதாக வெல்வதற்காகப் பிள்ளையின் பிறந்த தேதியை மாற்றிக் காட்டுவது விளையாட்டு உலகம் எங்கும் பரவியுள்ள நோய். அந்தப் பதக்கத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டும் தந்தை தன் பிள்ளைக்குக் கற்பிப்பது என்ன? பொய் சொன்னால் பரிசு கிடைக்கும் என்பதைத் தவிர வேறென்ன?

அதுபோன்றதே எடைக் குறைப்பும். போட்டிகள் எடைப் பிரிவுகளாக நடப்பதால், கீழ்ப் பிரிவில் இறங்கினால் சிறிய எதிரி கிடைப்பான் என்று கணக்கிட்டு, வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவதும், தண்ணீர் கூடக் கொடுக்காமல் வியர்க்க ஓட வைப்பதும் நடக்கின்றன. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நோன்பு வைக்கும் பிள்ளை அல்லாஹ்வுக்காகப் பசித்திருக்கிறது; இப்பிள்ளையோ நம் பெருமைக்காகப் பசித்திருக்கிறது. வளரும் பிள்ளை தன் இயல்பான எடையில் ஆடித் தோற்பது, பட்டினி கிடந்து வெல்வதைவிட மேலானது.

பாலைவன முகாமில் ஒரு பயிற்சிக் கூடம்

இக்கலையை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. ஜோர்டான் நாட்டின் பாலைவனத்தில் அஸ்ரக் என்னும் அகதி முகாம் 2014இல் திறக்கப்பட்டது. சிரியப் போரில் வீடிழந்து வந்த குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த இடம் அது. அகதிப் பிள்ளைகளுக்காக உலக டேக்வாண்டோ அமைப்பு 2016இல் நிறுவிய அறக்கட்டளை, 2018இல் அங்கே ஒரு பயிற்சிக் கூடத்தை அமைத்தது. குண்டுச் சத்தம் கேட்டு நடுங்கிய பிள்ளைகள் அங்கே மீண்டும் வரிசையில் நிற்கவும், முறை வரும் வரை காத்திருக்கவும், தோற்றவனுக்குக் கை கொடுக்கவும் பழகினர். அங்கு பயின்ற யஹ்யா அல் கூதானி என்னும் இளைஞர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் கொடியை ஏந்திச் சென்ற இருவரில் ஒருவரானார்.

ஆப்கானிஸ்தானின் ரூஹுல்லாஹ் நிக்பாயும் அகதிச் சிறுவனாக வளர்ந்தவரே. 2008 பீஜிங்கில் அவர் வென்ற வெண்கலமே அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். 2012இல் லண்டனிலும் வென்றார். 2016 ரியோவில் அஹ்மத் அபூ கவ்ஷ் வென்ற தங்கமே ஜோர்டானின் முதல் ஒலிம்பிக் பதக்கம். ஏழை நாடுகள் இவ்விளையாட்டில் முன்னேறியதன் காரணம் எளிது: புல்வெளித் திடலோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல், ஒரு தரையும் வெறுங்காலும் இருந்தாலே பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

எல்லாவற்றையும் இழந்த பிள்ளைகள் இக்கலையால் ஒழுங்கைப் பெற்றனர். எல்லாம் பெற்றுள்ள நம் பிள்ளைகள் இதனால் கர்வத்தைப் பெற்றுவிடக் கூடாது.

சேர்க்கும் முன் கவனிக்க

ஆசிரியரின் தகுதிச் சான்று எந்த அமைப்பு வழங்கியது என்று கேளுங்கள். நம் நாட்டில் இக்கலையின் பெயரால் பல சங்கங்கள் இயங்குகின்றன. எல்லாச் சான்றிதழ்களும் எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. கல்லூரி இட ஒதுக்கீட்டை நம்பியிருப்போர் இதைச் சேர்க்கும் முன்பே விசாரித்துக்கொள்வது அவசியம்.

மாதக் கட்டணத்தோடு உடை, பெல்ட் தேர்வு, போட்டி நுழைவு, பயணம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில மாதங்களில் கறுப்பு பெல்ட் தருவோம் என்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

வகுப்பு நேரத்தில் மஃக்ரிப் வந்தால், பிள்ளை தொழுதுவிட்டு வரப் பத்து நிமிடம் ஆசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். மாலை மத்ரஸாவை நிறுத்திவிட்டு இதற்கு அனுப்பாதீர்கள். இரண்டுக்கும் வாரத்தில் நாட்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒரு முறையேனும் வகுப்பின் ஓரத்தில் அமர்ந்து பாருங்கள். பிள்ளையின் கால் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்க்க வேண்டாம். எதிரியின் கவசத்தைத் தொடும் முன் அந்தக் கால் நிற்கக் கற்றிருக்கிறதா என்று பாருங்கள். தோற்றுவிட்டு வரும்போது எதிரியின் முகத்தைப் பார்த்துப் புன்னகைக்க முடிகிறதா என்று பாருங்கள். வீடு திரும்பியதும் தங்கையிடம் எப்படிப் பேசுகிறான் என்று கவனியுங்கள். அதுவே உண்மையான பெல்ட் தேர்வு. அதற்கு நடுவர்கள் நீங்கள்தாம்.

நம் பிள்ளைகளின் உடலுக்கு உரத்தையும், உள்ளத்திற்கு அடக்கத்தையும், அவ்விரண்டையும் நல்வழியில் செலுத்தும் அறிவையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.